கையெழுத்துப் படத்தில் ஒரு மான்

“டீச்சர், என் படத்துல தீ வைக்கணும்” என்றாள் தங்கபுஷ்பம்.

செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது. இன்னொன்று வாசலுக்கு உள்ளேயே வந்துவிட்டது.

மெஹருன்னிசா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“எந்தப் பக்கம்க்கா?”

“எல்லாப் பக்கமும்.”

“உக்காருங்க.”

“உக்கார வரல. தீ வைக்க வந்திருக்கேன்.”

“நின்னுகிட்டு எப்படி மவுஸைப் பிடிப்பீங்க?”

தங்கபுஷ்பம் உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது.

*

மெஹருன்னிசாவுக்கு நாற்பது வயது. மேலப்பாளையத்தில், வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்து கொடுப்பாள். அடுத்த அறையில் அவளுடைய உம்மா ஏழு வருஷமாகப் படுக்கையில்.

தங்கபுஷ்பத்துக்கு ஐம்பத்தெட்டு. பாளையங்கோட்டை. பக்கவாதத்தில் விழுந்த புருஷனை ஆறு வருஷம் பார்த்தாள். அவர் போய் ரெண்டு வருஷம் ஆகிறது. மகன் ஓசூரில், மகள் மஸ்கட்டில்.

இரண்டு பேரும் பழகியது ‘கைத்தாங்கல்’ என்கிற இணைய மன்றத்தில்.

வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறவர்கள் எழுதிக்கொள்கிற இடம் அது. முதுகுப் புண்ணுக்கு என்ன போட, மருந்தை எப்படி விழுங்க வைக்க, நேற்று ஏன் குளியலறையில் போய் அழுதேன், எல்லாம் அங்கே எழுதலாம்.

யார் எதை எழுதினாலும், எழுத்துக்கு அடியில் அவரவர் கையெழுத்துப் படம் தானாக வந்து நிற்கும். ரெண்டு விரல் உயரம். பேர், பூ, சாமி, அவரவர் இஷ்டம்.

அந்தப் படம் செய்ய மன்றத்தில் பாடம் எடுத்தவள் மெஹருன்னிசா. அதனால் வயதில் மூத்தவர்களுக்கும் அவள் டீச்சர்.

தங்கபுஷ்பம் தன் படத்தைத் தானே செய்தாள். பதினோரு நாள் ஆனது. பங்குனியில், டீச்சரிடம் காட்டாமலே மன்றத்தில் போட்டுவிட்டாள்.

*

“படத்தைக் காட்டுங்க” என்றாள் மெஹருன்னிசா.

தங்கபுஷ்பம் காட்டினாள்.

பின்னால் ஒரு அருவி. அருவிக்கு முன்னால் குத்துவிளக்கு. விளக்கைச் சுற்றி மூன்று ரோஜா. வெட்டி ஒட்டியதில் ரோஜாவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பிசிறு. மேலெல்லாம் மின்னுகிற நட்சத்திரம். ஏழு நிறத்தில் எழுத்து. எழுத்துக்கு நிழல், நிழலுக்கு ஒரு நிழல்.

இடது ஓரத்தில் ஒரு மான். ஆடுகிற படம். விடாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது.

மெஹருன்னிசா கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“என்ன எழுதியிருக்கு?”

“தெரியலையா? ‘தங்கபுஷ்பம். எல்லாரும் நல்லா இருக்கணும்.’”

“எங்க?”

“அந்தா, அருவிக்குள்ள.”

“ஆமா. நனைஞ்சு கிடக்கு.”

“நீங்களுமா டீச்சர்!”

“சிரிக்கலக்கா.”

“சிரிச்சா இப்பமே எந்திரிச்சுப் போயிருவேன்.”

*

சிரித்தவள் சூடாமணி. ஈரோட்டுக்காரி. மன்றத்தில் எல்லாருக்கும் அவள் வாய்க்குப் பயம்.

நேற்று மத்தியானம் எல்லாரும் பார்க்கும்படி எழுதியிருந்தாள்.

‘தங்கம் அக்கா கையெழுத்துக்குள்ள போனா, திருவிழாவுல தொலைஞ்ச மாதிரியே இருக்குதுங்க. பாவம், அந்த மான் மட்டும் நின்னு வழி சொல்லுது.’

அதற்குக் கீழே பதினேழு பேர் சிரித்த முகம் போட்டிருந்தார்கள்.

“பதினேழு பேர் டீச்சர்! பேர் சொல்லட்டுமா? அந்த மதுரைக்காரி. அவ அம்மாவுக்கு முதுகு புண்ணாகிப் புழு வச்சப்ப, நெருப்பு வச்சுக்கிடப் போனவளை வேண்டாம்னு ராவும் பகலும் அவளுக்கு எழுதிக்கிட்டுக் கிடந்தது யாரு? நான். அவ சிரிக்கா. பட்டுக்கோட்டைக்காரி. அவ புருஷன் செத்த அன்னைக்கு இருபத்தாறு தடவ எழுதினேன். கையெல்லாம் வலி. அவளும் பல்லைக் காட்டுதா.”

“எல்லாருமா?”

“பூரணி மட்டும் சிரிக்கல. அவளுக்கு எங்க நேரம்?”

பூரணி அறந்தாங்கி. ஒரே மகன் முகிலன். பத்தொன்பது வயசு. பைக்கிலிருந்து விழுந்து மண்டையில் அடி. பேச்சு இல்லை. வலது பக்கம் கை கால் அசையாது. அந்தப் பக்கம் கண்ணும் தெரியாது. இடது பக்கம் வருகிறதைத்தான் பார்ப்பான்.

“சித்திரையில அவளுக்கு ஒண்ணு எழுதினேம்லா” என்றாள் தங்கபுஷ்பம். குரல் ஒரு நிமிஷம் இறங்கியது. “அதை அவ இன்னமும் தினம் நாலரை மணிக்கு எடுத்து வச்சு, கஞ்சி ஊட்டிக்கிட்டே அவன் காதுல விழுற மாதிரி வாசிக்காளாம். அப்பந்தான் அவன் சாப்பிடுதானாம். அவளே எழுதியிருந்தா.”

“தெரியும்க்கா. படிச்சேன்.”

“அப்படி எழுதுன கையைப் பாத்துச் சிரிக்காளுவ.”

குரல் திரும்ப ஏறிவிட்டது.

“எனக்கு இருக்கறது அந்த ஒரு இடம்தான் டீச்சர். வீட்டுல நான் யாருக்குச் சமைக்கேன், யாருக்கு மருந்து எடுத்துக் குடுக்கேன்? காலைல எந்திரிச்சா, என்னைத் தேடுறது அங்க இருக்கிற நாலு பேருதான். அதுலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டா. அவளை விட மாட்டேன்.”

மெஹருன்னிசா சொன்னாள். “சூடாமணி மாமியாருக்கு ஒம்பது வருஷம்க்கா. நினைவு கிடையாது. இவ கையைக் கடிச்சு வைக்குமாம்.”

“நல்லாக் கடிக்கட்டும்!”

அடுத்த அறையில் உம்மா இருமினாள். தங்கபுஷ்பம் அந்தப் பக்கம் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்புறமும் கோபம் போகவில்லை.

*

“சரி. என்ன பண்ணணும்?” என்றாள் மெஹருன்னிசா.

“இதே இடத்துல, அவ பாக்குறப்ப வயிறு கலங்குற மாதிரி ஒண்ணு. நீங்க டீச்சர். உங்களுக்குத் தெரியும்.”

“செய்யலாம். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. இதுக்கு மேல என்ன இருக்கு?”

“எதுக்கு மேல?”

“இந்தப் படத்துக்கு மேல.”

தங்கபுஷ்பம் திரையை எட்டிப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல. நட்சத்திரம்தான் இருக்கு.”

“அது படத்துக்குள்ள இருக்கு. படத்துக்கு மேல?”

“கோடு போட்டிருக்கேன். ரெண்டு கோடு.”

மெஹருன்னிசா தலையை அசைத்தாள்.

“எதை முதல்ல எடுக்கலாம்?” என்று கேட்டாள்.

“நீங்களே எடுங்க.”

“கை உங்க கைதான்க்கா. எனக்கு உம்மாவுக்கு மருந்து கரைக்கணும். நான் சொல்லுதேன், நீங்க எடுங்க.”

அருவி போனது.

நட்சத்திரம் போனது. ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று நட்சத்திரம். ஒவ்வொன்றுக்கும் சூடாமணியை ஒரு வார்த்தை திட்டினாள். கடைசி ஆறு நட்சத்திரத்துக்கு வார்த்தை தீர்ந்துபோய், முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னாள்.

விளக்கு வந்தபோது கை நின்றது.

“விளக்கை அணைக்கச் சொல்லுதீங்களா டீச்சர்?”

“திட்டப் போறீங்கள்ல. விளக்கு எதுக்கு?”

தங்கபுஷ்பம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். விளக்கும் போனது.

ரோஜாக்கள் போயின. மான் மட்டும் தனியாக நின்று தலையாட்டியது.

“மான் எதுக்கு ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்குது?” என்றாள் மெஹருன்னிசா.

“இடம் அங்கதான் இருந்துச்சு. வச்சேன்.”

“வெளிய பாத்துக்கிட்டு நிக்குதே. பாக்குறவங்க கண்ணையும் இழுத்துக்கிட்டு வெளிய போயிரும். முகம் உள்ள பாக்கணும். இதுதான் முதல் பாடத்துலயே சொன்னேன்.”

“அது பாவம் டீச்சர். அது என்ன பண்ணுச்சு?”

“ஆடுற படமும் கூடாது. கண்ணு அதுலயே நின்னுரும். மத்தது எதையும் பாக்காது. போகட்டும்.”

தங்கபுஷ்பம் மானைப் பார்த்தாள்.

சூடாமணி ஞாபகத்துக்கு வந்தாள். வழி சொல்லுதாம் வழி.

“நீங்க எடுங்க. எனக்கு மனசு வரல.”

மெஹருன்னிசா கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினாள். மான் போய்விட்டது.

*

திரை வெறுமையானது.

“இப்பச் சொல்லுங்க. என்ன எழுதணும்?”

தங்கபுஷ்பம் கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தாள். நோட்டில் கிழித்த முழுத்தாள். ரெண்டு பக்கமும் எழுதியிருந்தது.

“ரெண்டு விரல் உயரம்க்கா.”

“தெரியும்.”

“இதுக்கு ஃபிளெக்ஸ் பேனர்தான் அடிக்கணும். சந்திப் பிள்ளையார் முக்குல கட்டணும்.”

“கட்டுவேன். ஈரோட்டுல கொண்டுபோய்க் கட்டுவேன்.”

“வேண்டாததை அடிங்க.”

“எதுவுமே வேண்டாதது இல்ல.”

“அப்ப எதுவுமே யார் கண்ணுலயும் படாது. பழைய படம் மாதிரிதான்.”

தங்கபுஷ்பம் பேனாவை வாங்கி அடித்தாள். முதலில் சூடாமணியின் ஊர் போனது. அப்புறம் அவள் மூக்கு. அப்புறம் இருபத்தாறு தடவை எழுதிய கணக்கு. ஒவ்வொரு வரியை அடிக்கும்போதும் உதட்டை இறுக்கினாள்.

கடைசியில் ஒரே வரி நின்றது.

‘என்னை அழவச்சவ நல்லா இருக்கமாட்டா.’

மெஹருன்னிசா அதை வாங்கிப் பார்த்தாள்.

“பேர் போடலையா?”

“மன்றத்துல பேர் சொல்லித் திட்டக்கூடாதுன்னு சட்டம் இருக்குல்லா. நான் சட்டத்தை மீற மாட்டேன். அவளுக்குப் புரியும்.”

“அவளுக்கு மட்டுமா?”

“புரியுறவளுக்குப் புரியட்டும்.”

“இதுக்கு மேல என்ன இருக்கும்க்கா?”

“மறுபடியுமா! மேல என் பேர் இருக்கும். போதுமா?”

மெஹருன்னிசா தலையை அசைத்தாள்.

*

கறுப்பு போட்டார்கள். எழுத்து முதலில் சிவப்பு. கறுப்பில் சிவப்பு மங்கிப்போனது.

“இன்னும் சிவப்பா வேணும்” என்றாள் தங்கபுஷ்பம்.

“எவ்வளவு சிவப்பானாலும் இருட்டுல தெரியாதுக்கா. வெள்ளை போடுங்க.”

வெள்ளை போட்டாள். தெரிந்தது.

நாலு பக்கமும் தீ வைத்தாள். தீயைப் பார்த்தால் எழுத்துத் தெரியவில்லை. எழுத்தைப் பார்த்தால் தீ பிடிக்கவில்லை.

“ஒரு பக்கம் போதும்.”

ஒரு பக்கம் வைத்தாள்.

“அதுவும் கொஞ்சம்.”

குறைத்துக் குறைத்துக் கடைசியில் எழுத்துக்கு அடியில் முடி கனத்தில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் நின்றது.

“இது தீயா?” என்றாள் தங்கபுஷ்பம்.

“எந்திரிச்சு வாசலுக்குப் போய் நின்னு பாருங்க.”

போனாள். படியில் கிடந்த செருப்புக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

அவ்வளவு தூரத்திலிருந்தும் ஒவ்வொரு எழுத்தும் தெரிந்தது. கண்ணாடி போடாமலே தெரிந்தது.

அவளுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது.

“கத்தி மாதிரி இருக்கு டீச்சர்!”

“ஆமா.”

“நான் செஞ்சதா இது?”

“நீங்கதான். நல்லாப் படிச்சுட்டீங்க.”

பதினோரு நாளில் வராதது ரெண்டு மணி நேரத்தில் வந்திருந்தது. தங்கபுஷ்பம் ஓடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“இப்பமே போடுதேன்.”

“இன்னைக்குப் போடாதீங்க.”

“ஏன்?”

“நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல.”

தங்கபுஷ்பம் மவுஸை மேசையில் குத்தினாள்.

“என்ன விளையாடுதீங்களா? மேல என்ன, மேல என்னன்னு. மேல மின்விசிறி இருக்கு, அதுக்கு மேல உங்க வீட்டு மச்சு, அதுக்கு மேல வானம். போதுமா? அவ என்னைக் கேலி பண்ணி ஒரு நாள் ஆச்சு. ஒரு நாள் முழுக்க வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கேன். சோறு இறங்கல. சாமி கும்பிட உக்காந்தா சாமி முகம் தெரியல, அவ முகம் தெரியுது. நீங்க என்னடான்னா விடுகதை போடுதீங்க.”

பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள்.

மெஹருன்னிசா எழுந்தாள்.

“உம்மாவைப் புரட்டிப் படுக்க வச்சு, தொழுதுட்டு வாரேன். அதுவரைக்கும் தொடாம இருங்க. வந்து நானே போட்டுத் தாரேன்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“இன்னைக்கு உம்மாவுக்குத் துணியும் மாத்தணும். அரை மணி.”

கதவு சாத்திக்கொண்டது.

*

தங்கபுஷ்பம் தொடாமல் இருந்தாள்.

உள்ளே உம்மாவைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. ‘பைய, பைய’ என்று மெஹருன்னிசா சொல்வது கேட்டது. தண்ணீர் சத்தம் கேட்டது.

பதினேழு சிரித்த முகம் கண் முன்னால் வந்தது.

தொட்டுவிட்டாள்.

பழைய கையெழுத்தை எடுத்தாள். புதியதை வைத்தாள். ‘சேமி’ என்று இருந்ததை அமுக்கினாள்.

முதலில் சூடாமணி எழுதிய இடத்துக்குத்தான் போனாள். நேற்று அதற்குப் பதிலாக ‘சரிம்மா, மாத்திக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தாள். அழுதுகொண்டே எழுதியது. இப்போது அந்த வரிக்கு அடியில் கறுப்பு நின்றது.

‘என்னை அழவச்சவ நல்லா இருக்கமாட்டா.’

“பாருடி” என்றாள். “நல்லாக் கண்ணைத் திறந்து பாரு.”

வயிற்றில் குளுகுளுவென்று இருந்தது. ஒரு நாளைக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

மன்றத்தில் மணி அடித்தது. உங்களுக்குப் பதில் வந்திருக்கிறது என்றது.

சூடாமணிதான். வந்துவிட்டாள். வரட்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திறந்தாள்.

சூடாமணி இல்லை. பூரணி.

சுவரில் மணி நாலு முப்பத்தைந்து.

சித்திரையில் தான் எழுதியது முதலில் தெரிந்தது.

‘பூரணி தாயி, நீ எழுதினதைப் படிச்சுட்டு உக்காந்து அழுதேன். எனக்கும் ஒரு மகன் இருக்கான். நீ அவனுக்குக் கஞ்சி ஊட்டும்போது நான் இங்கேயிருந்து உன் கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன்னு நினைச்சுக்கோ. ஒரு வாய் உள்ள போனா ஒரு நாள் ஜெயிச்சோம். உன் பிள்ளை உன்னை அம்மான்னு கூப்பிடுவான். நான் சாமிகிட்டச் சண்டை போட்டு வச்சிருக்கேன்.’

அதற்கு அடியில், கறுப்பில், வெள்ளையில்.

‘என்னை அழவச்சவ நல்லா இருக்கமாட்டா.’

தங்கபுஷ்பத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இதைச் சித்திரையில் எழுதினேன். இன்றைக்கு வைத்தது இங்கே எப்படி வந்தது?

மேலே தள்ளினாள். மதுரைக்காரிக்கு எழுதியதைத் திறந்தாள். ‘உன் அம்மா முதுகு ஆறிரும்மா.’ அதற்கு அடியிலும் கறுப்பு. பட்டுக்கோட்டைக்காரி. ‘அவர் வலி இல்லாமப் போயிட்டார்னு நினைச்சு மனசைத் தேத்திக்கோ.’ அதற்கு அடியிலும். இருபத்தாறு தடவையும்.

புருஷனைப் பார்த்த ஆறு வருஷமும் அவர் போன ரெண்டு வருஷமும் எழுதியது எத்தனையோ, அத்தனைக்கும் அடியில்.

பூரணியிடம் திரும்பி வந்தாள். கீழே இப்போது வந்த பதில் இருந்தது.

‘அக்கா, உங்களை அழவச்சது நான்தானே. நீங்க எழுதும்போதே சொன்னீங்க, அழுதேன்னு. அப்ப எனக்குப் புரியல. மன்னிச்சிருங்க. இனிமே என் கஷ்டத்தை எழுதி யாரையும் அழவைக்க மாட்டேன். என்னைச் சொன்னதுகூடப் பரவாயில்லக்கா. ஒண்ணு மட்டும் கேக்கிறேன். உங்க படத்துல தலையாட்டுமே அந்த மான், அது எங்க? இவன் அதைப் பாத்துக்கிட்டேதான் வாயைத் தொறப்பான். இப்பக் காணோம்னு தேடுறான். அஞ்சு நிமிஷமா வாயை மூடிக்கிட்டுக் கிடக்கான்.’

*

மெஹருன்னிசா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

தங்கபுஷ்பம் திரையைக் காட்டினாள்.

மெஹருன்னிசா நின்றபடியே படித்தாள். படித்து முடித்தபிறகும் உட்காரவில்லை.

“தெரியும்லா உங்களுக்கு?” என்றாள் தங்கபுஷ்பம். இப்போதும் கோபம்தான். “மேல என்ன இருக்குன்னு தெரிஞ்சுதானே கேட்டீங்க? வாயைத் திறந்து சொல்லியிருந்தா என்ன டீச்சர்? ‘பழசுக்கெல்லாம் அடியில போய் நிக்கும், மடச்சி’ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா?”

“மேல இருக்கறது தெரியும்க்கா.”

“அப்ப?”

“படத்துக்கு முன்னால உக்காந்து பாக்குறவனைத் தெரியாது. மானை எடுத்தது நான்.”

தங்கபுஷ்பம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். டீச்சரின் முகம் வெளுத்திருந்தது.

“பேசாதீங்க. முதல்ல இதை எடுங்க.”

கறுப்பு போனது.

தங்கபுஷ்பம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு விரலால்தான் அடிப்பாள். ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள்.

‘நீ இல்ல தாயி. நீ இல்ல. கிறுக்கச்சி நான், வேற ஒருத்தி மேல இருந்த கோவத்துல போட்டேன். மான் வருது. அவன்கிட்டச் சொல்லு. வருது.’

மெஹருன்னிசா குப்பைத்தொட்டியைத் திறந்தாள். மான் அங்கே கிடந்தது. வெளியே எடுத்தாள். வந்ததும் தலையாட்டியது.

“எழுத்து?”

“அவன் படிக்க மாட்டான்.”

“உங்க பேரு?”

“வேண்டாம்.”

“பின்னால?”

“வெறும் வெள்ளை. மான் மட்டும்.”

மெஹருன்னிசா மானைப் பெரிதாக்கினாள். நடுவில் வைத்தாள். முகத்தை உள்பக்கம் திருப்பினாள். அழகாகத்தான் இருந்தது.

தங்கபுஷ்பம் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“நடுவுல வேண்டாம். இடது ஓரம்.”

“ஓரத்துல முட்டிக்கிட்டு நிக்கும்க்கா.”

“நிக்கட்டும்.”

“வெளிய பாக்குமே.”

“பழைய மாதிரியே பாக்கட்டும். சீக்கிரம் டீச்சர். கஞ்சி ஆறுது.”